சொல்லாமல் சொல்

பயிற்சி முகாமில் கொடுத்த கையேட்டில்
பதினான்காம் பக்கம் இருந்தது அந்த ஆட்டம்.
சீட்டை எடு. சொல்லைப் படி.
சொல்லைச் சொல்லாமல் சொல்.
மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.
சொல்வளம் பெருகும் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அஞ்செட்டியில் ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு பேர்.
வீட்டில் கன்னடம் பாதி, தெலுங்கு கால்,
மிச்சம், என் தமிழ் இல்லாத ஒரு தமிழ்.
நான் காவிரி கடலைத் தொடும் பக்கத்துக்காரி.
வந்த புதிதில் என் பேச்சுக்குச் சிரிக்காமலிருக்க,
பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து
காலண்டர் தாளைக் கத்தரித்து
இரவு எழுதிப் போட்டேன்:
ஏணி, கடன், வெட்கம், உப்பு, ரசீது, நிழல், இப்படி.

மாதேஷ் முதலில் வந்தான்.
சீட்டைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.
"டீச்சர், இது ராயக்கோட்டை மண்டியில
ஒருநாள் பெட்டிக்கு எண்ணூறு,
மறுநாள் எண்பது.
எண்பதுன்னா அப்பா வண்டியோட போயி
ரோட்டோரம் கொட்டிட்டு வந்துடுவாரு."
தக்காளி! வகுப்பே கத்தியது.
நான் எழுதியிருந்தது 'விலை'.
அவனுக்கும் வகுப்புக்கும்
பாதிப் பாதி மதிப்பெண் போட்டேன்.

பர்வீனுக்குப் 'பொறுமை'.
"பெங்களூர் பஸ் ராத்திரி பத்தரைக்குத்தான் வரும்.
அம்மி ஆறு மணிக்கே வாசப்படியில உக்காந்துடும்."
"பைத்தியம்!" என்றது கடைசி பெஞ்சு.
எல்லோரும் சிரித்தார்கள், பர்வீனும்.
'உப்பு' வந்தவள் நாக்கை நீட்டினாள், அவ்வளவுதான்.
'நிழல்' வந்தவன் பேசாமல்
வெயிலில் போய் நின்றுகொண்டான்.
கையேட்டில் இதற்கெல்லாம் விதி இல்லை.

பிறகு கெம்பம்மா.
காட்டை ஒட்டிய தொட்டியிலிருந்து நடந்து வருபவள்.
சீட்டை விரித்தாள். திருப்பி
மறுபக்கமும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
மெதுவாகத் தொடங்கினாள்:

"ராகிக் கதிரு முத்தும்போது வரும்.
முதல்ல நாய் குலைக்கறத நிறுத்தும்.
அப்புறம் வாசம், நனைஞ்ச கொட்டாய் மாதிரி.
அம்மா விளக்க அணைச்சிட்டு தம்பி வாயப் பொத்தும்.
பரண்மேல அப்பா
தகரத்தத் தட்டலாமா வேணாமான்னு யோசிக்கும்.
காலையில பாத்தா
காலடித் தடத்துல தண்ணி நிக்கும்.
எங்க பூனை அதுல குடிக்கும்."

யாரும் கத்தவில்லை.
கடைசி பெஞ்சுகூட
டெஸ்க்கில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தது.
"ஏன், யாருக்கும் தெரியலையா?" என்றேன்,
தெரிந்துகொண்டே.
மாதேஷ்தான் எழுந்தான்.
"தெரியும் டீச்சர். பேரச் சொல்லக் கூடாது.
சொன்னா வரும்.
அறுப்பு முடியற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

அப்படியானால் இந்த ஆட்டத்தை
பதினான்காம் பக்கம் அச்சாகும் முன்பிருந்தே
ஆடிக்கொண்டிருக்கிறார்கள்,
விளக்கை அணைத்துவிட்டு.
என்னிடம் இருந்தது வெறும் இரண்டெழுத்து.
ஒன்றாம் வகுப்புச் சுவரில்
வண்ணப் படத்தோடு ஆணியில் தொங்குவது.

கரும்பலகையில் அவள் பெயருக்கு நேரே பத்து போட்டேன்.
மணி அடித்தது.

சீட்டுகளை எண்ணும்போதுதான் பார்த்தேன்.
அவளுடையது வெற்றுத்தாள்.
தூக்கக் கலக்கத்தில் நான் எழுதாமல் மடித்தது.
பின்பக்கம் பாதி அறுபட்ட ஒரு தேதி, கார்த்திகை.
பேனாவைத் திறந்தேன்.
வயலில் இன்னும் கதிர் நிற்கிறது.
மூடிவிட்டு
சீட்டை அப்படியே டப்பாவில் போட்டேன்.
இன்னொருவருக்கு வரட்டும்.

சாயங்காலம், தேன்கனிக்கோட்டை பஸ்.
மூன்றாவது வளைவில் டிரைவர்
ஹாரன் அடிக்காமல் நிறுத்தி
விளக்கை அணைத்தார்.
கண்டக்டர் கையில் சில்லறை பாதியில் நின்றது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
நானும்
மடியிலிருந்த டப்பாவைத்
தகரம் சத்தம் போடாதபடி
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.